பதினொன்று நாற்பதுக்கு பஸ் கிளம்பும்

எதிரி உள்ளே வரக்கூடாது என்று கட்டியது கோட்டை. ஏறிய பயணி வெளியே நிற்கக்கூடாது என்று ஏற்பாடு செய்தது டூர் பஸ். இரண்டையும் ஒரே நாளில் அனுபவிக்க வேண்டுமானால் ஜெர்மனியில் பவேரியா பக்கம் போக வேண்டும்.

மியூனிக்கில் வேலை பார்க்கும் எங்கள் மகன், "ஒரே நாள்ல ஒரு கோட்டை, ரெண்டு பழைய ஊர். ஏசி பஸ்ப்பா" என்று டிக்கெட்டைக் கையில் கொடுத்தான். அவன் மட்டும் வரவில்லை.

கைடு ஒரு பெண்மணி. கையில் மடக்கிய மஞ்சள் குடை. மைக்கைப் பிடித்ததும் அவர் முதலில் பேசியது வரலாறு அல்ல, கழிப்பறை. பஸ்ஸின் நடுவில் ஒன்று உண்டு, ஆனால் அவசரத்துக்கு மட்டும். எது அவசரம் என்பதை அவரே முடிவு செய்வார் போலிருந்தது. மற்றபடி நெடுஞ்சாலை நிறுத்தத்தில் ஒரு யூரோ போட்டால் கதவு திறக்கும். என் மனைவி மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, "கிட்டத்தட்ட நூறு ரூபாய்ங்க!" என்றாள். அன்று மாலை வரை அவள் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே தீர வேண்டும். ஏமாற்ற முடியாது, டாக்கோகிராஃப் என்று வண்டியிலேயே ஒரு கருவி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. பயணி எவ்வளவு நேரம் நடந்தால் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதற்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை.

பஸ்ஸில் பலர், டிஸ்னிக்கு மாதிரியாக இருந்த அந்தக் கோட்டைக்குத்தான் போகிறோம் என்று நினைத்து ஏறியிருந்தார்கள். அது நொய்ஷ்வான்ஸ்டைன், அதற்கு வேறு பஸ் என்று கைடு சொன்னதும் நாலைந்து வரிசையிலிருந்து பெருமூச்சு. என்னைக் கேட்டால் நல்லதாகப் போயிற்று. அதை இரண்டாம் லுட்விக் மன்னர் கட்டத் தொடங்கியதே 1869-ல். வரைந்து கொடுத்தவர் நாடக மேடைக்குக் காட்சித் திரை தீட்டுகிற ஓவியர். உள்ளே டெலிபோன் உண்டு. சிம்மாசன அறை உண்டு, சிம்மாசனம் கிடையாது. நம் ராயபுரம் ரயில் நிலையம் 1856-லேயே திறந்தாயிற்று. நொய்ஷ்வான்ஸ்டைனைப் போய்ப் பழங்காலக் கோட்டை என்று வாய்பிளப்பவர்கள் முதலில் ராயபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

நாங்கள் பார்த்த ஹார்பர்க் அசல் சரக்கு. வொர்னிட்ஸ் ஆற்றுக்கு மேலே, குன்றின் உச்சியில் நிற்கிறது. 1150-லேயே ஏட்டில் பெயர் வந்துவிட்டது. மதிலின் உட்புறம் மரப்பலகை போட்ட நடை, மிதித்தால் முனகுகிறது. சுவரில் வரிசையாக ஓட்டைகள். உள்ளே அகலம், வெளியே ஒடுக்கம். காவல் நிற்பவனுக்கு வெளியே எல்லாம் தெரியும். வெளியே இருப்பவனுக்கு அவன் தெரியமாட்டான். இந்த ஏற்பாட்டின் அருமையை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு ஓட்டையில் கண்ணை வைத்திருந்த என் மனைவி அபாய அறிவிப்பு செய்தாள்: "என்னங்க, மஞ்சள் குடை பஸ் பக்கம் போகுது!" மணி பதினொன்று முப்பத்தைந்து. ஓடினோம்.

அடுத்தது நோர்ட்லிங்கன். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து, 24 கிலோமீட்டர் அகலத்துக்கு உண்டான பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது இந்த ஊர். எரிமலையாக இருக்கும் என்றுதான் ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள். விண்கல்தான் என்று ஷூமேக்கர், சாவ் என்ற இருவர் நிரூபித்தது 1960-ல். நிலவுக்குப் போகுமுன் பாறைகளைப் பற்றிப் படிக்க அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் 1970-ல் இங்கே வந்தார்கள். எங்களுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். ஊர்க் கோயிலே அந்த மோதலில் உண்டான கல்லில் கட்டியதுதான். கல்லுக்குள் நுண்ணிய வைரங்கள் இருக்கின்றன என்றார் கைடு. மனைவி மூக்கு உரசுகிற அளவுக்குச் சுவரை நெருங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியாத வைரம் எதுக்கு?" என்று திரும்பினாள்.

இந்த ஊரில் எனக்குப் பிடித்தது பன்றிக் கதை. 1440-ல் எட்டிங்கன் பிரபு, வாயிற்காவலர்களுக்குக் காசு கொடுத்துக் கதவைத் தாழிடாமல் விடச் சொன்னாராம். ராத்திரி ஒரு பன்றி அந்தக் கதவில் முதுகைச் சொறிந்துகொள்ள, கதவு ஆட, வழியே போன பெண் பார்த்துக் கூச்சல் போட, ஊர் பிழைத்தது. காலையில் நாங்கள் பார்த்த ஹார்பர்க் கோட்டையும் எட்டிங்கன் குடும்பத்துச் சொத்தாக இருந்ததுதான். 90 மீட்டர் உயரக் கோயில் கோபுரத்திலிருந்து இன்றும் இரவில் காவலர் குரல் கொடுக்கிறார். அதைக் கேட்க இரவு பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எங்கள் பஸ் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டது.

ரோதன்பர்க்கில் இறங்கியதும் சந்தைச் சதுக்கத்தில் ஒரு கடிகாரத்துக்குக் கீழே கூட்டம் அண்ணாந்து நின்றது. 1631-ல் தளபதி டில்லி ஊரைப் பிடித்தார். மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்தால் விட்டுவிடுகிறேன் என்றார். நூஷ் என்ற முன்னாள் மேயர் குடித்துக் காட்டினார் என்பது கதை. குடி குடியைக் கெடுக்கும் என்று எச்சரித்துக்கொண்டே விற்கிற மாநிலத்திலிருந்து போனவனுக்கு, குடி ஊரைக் காத்த கதை புதுசு. மணி அடித்தது. இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. ஒரு பொம்மை குவளையைத் தூக்கியது, மெதுவாக இறக்கியது. ஜன்னல் மூடிக்கொண்டது. "அவ்ளோதானா?" என்று ஒரு குழந்தை கேட்டதாக எனக்குப் பட்டது. மொழி தெரியாது, முகத்தில் தெரிந்தது.

1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் பழைய ஊரில் நாற்பது சதவீதம் போய்விட்டது. திரும்பக் கட்டினார்கள். மதில் மேல் நடந்தால், பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் வரிசையாகத் தெரிகின்றன. ஜப்பானியப் பெயர்கள் கூட நிறைய. டியூப்லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு உபயம் எழுதுவது நம் கோயில்களின் தனி உரிமை என்று நினைத்திருந்தேன்.

இந்த ஊர்ப் பலகாரம் ஷ்னேபால். மாவை நாடா நாடாவாக வெட்டி, உருண்டையாகச் சுற்றி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பொடி தூவுகிறார்கள். கடித்தால் மேல்சட்டை முழுக்க வெள்ளை. "எண்ணெய் சரியாக் காயல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மனைவி இன்னொன்று வாங்கினாள். எதிரே ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் சாமான் விற்கும் கடை. வெயிலில் வியர்த்தபடி மக்கள் உள்ளே போய், செயற்கைப் பனியோடு வெளியே வந்தார்கள். பஸ்காரர்கள் ஊருக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதியை அந்தக் கடைதான் சாப்பிட்டது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். முடிந்தால் ராத்திரி தங்குங்கள். சாயங்காலம் பஸ்களெல்லாம் கிளம்பின பிறகு தெருவில் நடக்க இடம் கிடைக்கும். மியூனிக்கிலிருந்து ரயிலில் வந்து டோனவொர்ட்டில் மாறினால் ஹார்பர்க், நோர்ட்லிங்கன் இரண்டும் ஒரே தடத்தில் பக்கத்தில்தான். ரோதன்பர்க்குக்கு ஷ்டைனாக்கில் மாற வேண்டும். ரயிலில் கழிப்பறைக்குக் காசு கிடையாது.