இயந்திரவியலும் ஹாஸ்யமும்

கேள்வி: இஞ்சினீயரிங் முடித்த என் மகன், டி.வி.க்கு நகைச்சுவைத் தொடர் எழுதப் போவதாகச் சொல்கிறான். உருப்படுவானா? (ஒரு தகப்பனார், எழுமலை)

பதில்: தங்கள் விசாரத்தில் நியாயம் உண்டு, ஆயினும், கிண்டி பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் பயின்று, சுந்தரம் கிளேட்டன் கம்பெனியில் உத்தியோகமும் பார்த்த மோகன் என்பவர், 1976இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்கு எழுதிக்கொடுத்த ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்துத் திருடர்களிடமிருந்தே தம் பெயருக்கு ஓர் அடைமொழியை அபகரித்துக்கொண்டு, 1979இல் சொந்தக் குழுவும் கண்டார் என்பதைத் தாங்கள் சற்றே சிந்திக்க வேண்டும். திருடரிடமே திருடும் சாமர்த்தியம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை!

நாடகத்துக்கு நாடகம் நாயகன் மாது, நாயகி ஜானகி என்று பெயர் மாற்றும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளாத அம்மனிதர், ஒருவர் சொன்னதை மற்றவர் விபரீதமாகப் புரிந்துகொள்ள, அந்த விபரீதத்தைத் திருத்த வந்தவர் இன்னொன்றைப் பிரசவிக்க, பல்சக்கரம் பல்சக்கரத்தைச் சுழற்றுவதுபோல் வசனத்தை ஓட்டியதைக் கவனித்தால், படித்த படிப்பு விரயமாகவில்லை என்றே கூறுவேன். ‘மைக்கேல் மதன காமராஜ’னின் நான்கு கமல்களையும், பிற்பாடு ஜெயா டி.வி.யின் ‘விடாது சிரிப்பு’ தொடரையும் இயக்கியது அதே யந்திரந்தான்.

ஆகவே புத்திரனைத் தடுக்காதீர்கள். உத்தியோகத்தை மட்டும் அவசரப்பட்டு உதறவேண்டாம் என்று சொல்லி, தினமும் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். மீதிச் சில்லறை நிமித்தமாகக் கண்டக்டரும் பிரயாணிகளும் நிகழ்த்தும் சம்வாதத்துக்கு இதுவரை யாரும் ராயல்டி கேட்டதில்லை.