அடுத்த பட்டத்துக்காரர்

விதைத் திருவிழா எந்த ஊரில் நடந்தாலும் கடை விரிப்பதற்குள் வந்து நிற்பவர் இவர். மூக்குத்தி அவரை, சிறகு அவரை, யானைத்தந்த வெண்டை, குடம் சுரை என்று ஒன்றுவிடாமல் மஞ்சள் பையில் சேரும். ஓய்வு பெற்றவர் என்பதைச் சொல்லவே வேண்டாம். பொட்டலத்தின் மேல் ஊர், தேதி, கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும் கையெழுத்தே சொல்லிவிடும்.

சேமிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தட்டைப்பயறு சாம்பல் கலந்து பானைக்குள் போகும். பூசணி விதை சாணத்தில் பதிந்து, வரட்டியாகி, அடுக்குமாடி பால்கனிச் சுவரில் ஒட்டியிருக்கும். சங்கக் கூட்டத்தில் அதன்மேல் ஏற்கெனவே புகார் நிலுவையில் உள்ளது. மற்றதெல்லாம் வசம்புத்தூளோடு பாட்டிலில், ஃப்ரிட்ஜில். ஈரம் உறிஞ்ச உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். அந்தப் பொட்டலத்துக்காகத்தான் மனிதர் புது ஷூவே வாங்குகிறார் என்பது வீட்டம்மாவின் வாக்குமூலம். தயிர் வைக்க இடமில்லாத கோபம் அவருக்கு.

இரண்டு விதை கேட்டுப் போனால் அரை நாள் போச்சு. குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் விதைமேல் வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடக் கூடாது. அதுவரை நமக்கு ஸ்வால்பார்டு. 2008-இல் நார்வேக்காரர்கள் பனித்தீவின் மலையைக் குடைந்து திறந்த விதைப் பெட்டகம், மைனஸ் 18 டிகிரி. "நம்ம ஃப்ரீசரும் அதே மைனஸ் பதினெட்டுதான் சார். அவங்களுக்கு கரண்ட் போகாது, அவ்ளோதான்!"

பிறகு நேர்முகத் தேர்வு. வெயில் எத்தனை மணி நேரம் விழும்? பக்கத்து மாடியில் ஹைப்ரிட் உண்டா? தேறினால் மூன்று விதை கிடைக்கும், முப்பதாகத் திருப்பித் தரும் உறுதிமொழியோடு.

அவர் மாடியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கற்பூரவல்லி. குச்சியை ஒடித்து நட்டாலே வந்துவிடும், விதைக்குச் செலவில்லை.

ஆடிப்பட்டத்தில் கேட்டால், "மழை வரட்டும்" என்பார். மழை வந்தால், "அழுகிடும்." தைப்பட்டத்தில், "வெயில் வந்துடும்." வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் நம்பத் தக்கதல்ல என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவரின் கீழ்த்தட்டில் 2016-ஆம் வருஷத்து வெங்காய விதை இருக்கிறது. சுட்டிக்காட்டினால், இஸ்ரேலின் மசாதா கோட்டையில் கிடைத்த 2,000 வருஷத்துப் பேரீச்ச விதை 2005-இல் முளைத்த கதையை எடுப்பார். வாயை மூடிக்கொள்வதுதான் நமக்கு மரியாதை.

வருஷத்துக்கு ஒருமுறை முளைப்புத்திறன் சோதனை மட்டும் தவறாது. இந்த முறை தட்டைப்பயறு. எண்ணி நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தார். 92 முளைத்தன. நோட்டில் குறித்து, அடியில் கோடும் போட்டாயிற்று. "பாத்தியா, சேமிப்பு பக்கா!" என்று பானையை மறுபடி கட்டி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், முளைத்த 92-ம் கடுகு தாளித்துச் சுண்டலாகியிருந்தன.

தேங்காய் கொஞ்சம் கம்மி என்றார்.