தலையாட்டினால் தொண்ணூறு லட்சம்

ரோமாபுரியில் ஓர் ஏலம். சரக்கு: திருவிழாச் சண்டைகள் முடிந்தும் உயிரோடு மிச்சமிருந்த கிளாடியேட்டர்கள். விலையை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவன் சாட்சாத் சக்கரவர்த்தி கலிகுலா. கஜானா வற்றிக்கொண்டிருந்ததால் ஊர்ப் பெரிய மனிதர்களை வரிசையாக பெஞ்சில் உட்காரவைத்து, வேண்டாத சரக்கை அவர்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தான். அந்த பெஞ்சில் அப்போனியஸ் சாட்டர்னினஸ் என்ற பெரிய பதவி வகித்த மனிதர் இருந்தார். வெயிலோ உண்ட மயக்கமோ, அவருக்குக் கண் சொக்கிவிட்டது. தலை முன்னால் சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்தது. அந்தப் பெரியவர் எவ்வளவு நேரமாகத் தலையாட்டுகிறார், பார்க்காமல் விட்டுவிடாதே என்று ஏலக்காரரிடம் எடுத்துக்கொடுத்தான் கலிகுலா. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். தூக்கத்திலேயே மனிதர் 13 கிளாடியேட்டர்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். விலை 90 லட்சம் செஸ்டர்ஸ். அன்றைய ரோமானியச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஆக, பத்தாயிரம் சிப்பாய்களின் ஒரு வருஷச் சம்பளம் ஒரு குட்டித் தூக்கத்தில் போயிற்று.

இதில் என்னைக் கவர்ந்தது கலிகுலாவின் குறும்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனவான்களில் ஒருவராவது அவரை முழங்கையால் இடித்து எழுப்பியதாக, இந்தக் கதையைச் சொல்லும் சூட்டோனியஸ் எழுதவில்லை. எப்படி எழுப்புவார்கள்? கையைத் தூக்கினால் அதையும் ஏலக்கேள்வியாக எடுத்துக்கொண்டால்?

டெர்ரி பிராட்செட் 1989இல் எழுதிய 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்ற நையாண்டி மாயக்கதையில் ஒரு டிராகன் நகரத்தின் அரியணையில் ஏறிவிடும். நகை கேட்கும், சாப்பிடக் கன்னிப்பெண் கேட்கும். ஊர்ப் பெரியவர்கள் எதிரே இருப்பவர் வாயைத் திறப்பாரா என்று பார்த்தபடியே ஒப்புக்கொள்வார்கள். டிராகனாவது நெருப்பைக் கக்கும். அதற்குப் பயப்படுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. ரோமில் நெருப்பும் இல்லை, இறக்கையும் இல்லை. 24 வயதில் பதவிக்கு வந்து 28 வயதில் செத்துப்போன, உச்சந்தலையில் முடி கொட்டிய ஓர் இளைஞன்தான் இருந்தான். அவனைச் சுற்றி உலகத்தையே வென்ற பரம்பரை என்று மார்தட்டும் செனட்டர்கள்.

அவர்களை யாரும் கட்டாயப்படுத்திப் பிடித்துவரவில்லை. கி.பி. 37 மார்ச்சில் முந்தைய சக்கரவர்த்தி, கிழட்டு திபேரியஸ் கண்ணை மூடியதும், ஊரே சந்தோஷத்தில் துள்ளியது. கலிகுலா வந்த வழியெல்லாம் கண்ணே, செல்லமே, நட்சத்திரமே என்று கூட்டம் கொஞ்சியது. செனட் சகல அதிகாரத்தையும் ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்தது. மூன்று மாதத்துக்குள் 1,60,000க்கும் அதிகமான மிருகங்களைப் பலி கொடுத்தார்கள். பதிலுக்கு அவன் ஜனங்களுக்குத் தலைக்கு 300 செஸ்டர்ஸ் வீதம் இரண்டு முறை விநியோகம் செய்தான். திபேரியஸ் சேர்த்துவைத்துவிட்டுப் போன 270 கோடி செஸ்டர்ஸ் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. கொடுத்த கை பிறகு எதை எடுக்கும் என்று அப்போது கேட்டிருந்தால், கேட்டவரை வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்றிருப்பார்கள்.

அதே வருஷம் அவனுக்குக் கடுமையான நோய் கண்டது. ஜனங்கள் அரண்மனையைச் சுற்றி ராத்திரியெல்லாம் கண்விழித்தார்கள். நேர்த்திக்கடன்கள் குவிந்தன. அஃப்ரேனியஸ் பொட்டிட்டஸ் என்ற பிரஜை, சக்கரவர்த்தி பிழைத்தால் என் உயிரையே தருகிறேன் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர், நான் கிளாடியேட்டராகக் களத்தில் இறங்குகிறேன் என்றார். இரண்டுமே உள்ளே ஒரு கணக்கு வைத்துச் சொன்னவை: தலைவர் எழுந்ததும், அடடா, உன் விசுவாசமே விசுவாசம் என்று பணமுடிப்பு வரும். அவன் எழுந்தான். முடிப்பு வரவில்லை. சொன்ன வாக்கை நிறைவேற்று என்றான். ஒருவர் வாளோடு களத்துக்குப் போனார். பொட்டிட்டஸுக்கு மாலை போட்டு, பலியாட்டைப் போலத் தெருத்தெருவாக ஓட்டிப் போய், மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். கொடுங்கோலன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஜால்ராக்காரன் சொன்னதை அப்படியே நம்பியது.

இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் கலிகுலாவின் ஆட்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூட்டோனியஸ் எழுதியது அவன் செத்துச் சுமார் 80 வருஷம் கழித்து. காசியஸ் டியோ அதற்கும் ஒரு நூறு வருஷம் பிந்தியவர். மசாலா கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் டியோ தானே ஒரு செனட்டர். அரசனைக் கிழிக்க உட்கார்ந்தவர் தன் ஜாதிக்காரர்களின் மானத்தையும் சேர்த்தே கிழித்துவைத்திருக்கிறார். அதனால் அந்தப் பக்கங்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

அவற்றில் தலைசிறந்தது 39இல் நடந்த கூட்டம். திபேரியஸ் காலத்தில் பல பெரிய மனிதர்கள் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் செத்தார்கள். அந்த வழக்குக் காகிதங்களையெல்லாம் எரித்துவிட்டேன், பழசை மறந்துவிடுவோம் என்று கலிகுலா பதவியேற்றபோது பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தான். எரித்தது நகலை. அசல் பத்திரமாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அதை செனட்டுக்குக் கொண்டுவந்து படிக்கவைத்தான். யார் யார் மீது புகார் கொடுத்தது, யார் பொய்சாட்சி சொன்னது, யார் தண்டனைக்குக் கை தூக்கியது, எல்லாம் பெயரோடு வந்தன. பெயருக்குச் சொந்தக்காரர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். திபேரியஸைத் திட்டுகிறீர்களே, கொன்றது நீங்கள்தானே என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, ராஜத்துரோகச் சட்டம் மறுபடி அமலுக்கு வருகிறது என்று அறிவித்து வெளியேறினான்.

அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் கூடினார்கள். கூடி என்ன செய்தார்கள்? சக்கரவர்த்தி எவ்வளவு உண்மையானவர், எவ்வளவு பக்தியுள்ளவர் என்று புகழ்ந்து தீர்மானம் போட்டார்கள். அவன் தங்களைத் திட்டிய தேதியில் வருஷா வருஷம் அவனுடைய கருணைக்குப் பலி கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அவனுடைய தங்கச் சிலை கோயிலுக்கு ஊர்வலம் போக வேண்டும், பெரிய வீட்டுப் பையன்கள் துதி பாட வேண்டும். திட்டு வாங்கிய நாளுக்குத் திருவிழா எடுத்த சபை உலகத்தில் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வெறும் பயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பயந்தவன் வீட்டில் படுத்துக்கொள்வான். துதிப்பாட்டுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்க மாட்டான். அந்தக் காகிதக் கட்டில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வரியில் இருந்தார்கள். எதிர்த்துப் பேசினால் அடுத்து படிக்கப்படுவது தன் வரியாக இருக்கும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அதோடு, பக்கத்து இருக்கைக்காரர் விழுந்தால் அவருடைய பதவி காலியாகும் என்பதும் தெரியும். கலிகுலாவிடம் படை இருந்தது உண்மைதான். ஆனால் அந்த அறைக்குள் அவனுக்குப் படையே தேவைப்படவில்லை.

ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் காசு கிடைத்தபோது பொறுக்கினார்கள், வாஸ்தவம். ஆனால் சுமைகூலிகளின் தினக்கூலியில் எட்டில் ஒரு பங்கு, வழக்குப் போட்டால் வரி, நகரத்தில் விற்கும் சாப்பாட்டுக்கு வரி, விலைமாதர் வருமானத்துக்கு வரி என்று அடுக்கியபோது வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. வரிச்சட்டத்தை எழுதி ஒட்டு என்று கேட்டார்கள். ஒட்டினான்: பொடிப்பொடி எழுத்தில், நெருக்கடியான மூலையில், யாரும் நகலெடுக்க முடியாதபடி. குத்தகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் இவன்தான் போலிருக்கிறது. பந்தய மைதானத்தில் திரண்டு, வரியைக் குறை என்று கத்தினார்கள். கத்தியவர்களைப் பிடித்துக் கொன்றதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். மேடையில் இருந்த பெருமக்கள் யாரும் கூடச் சேர்ந்து கத்தியதாகச் செய்தி இல்லை.

அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. கலிகுலா தன்னைக் கடவுள் என்று அறிவித்துத் தனக்கே ஒரு கோயில் கட்டிக்கொண்டான். உள்ளே ஆளுயரத் தங்கச் சிலை. அன்றைக்கு அவன் என்ன உடுத்துகிறானோ அதே உடுப்பு சிலைக்கும். நைவேத்தியம் மயில், பூநாரை, கினிக்கோழி. பூசாரி வேலைக்குப் பணக்காரர்கள் போட்டி போட்டார்கள். வேலைக்கு டியோ சொல்லும் ரேட் ஒரு கோடி செஸ்டர்ஸ். சூட்டோனியஸ் கணக்கில் 80 லட்சம். சித்தப்பா கிளாடியஸ் அந்தப் பணத்தைக் கட்டியே ஓட்டாண்டியானார். சக பூசாரியாகத் தன் குதிரையையும் கலிகுலா நியமித்தான் என்கிறார் டியோ. குதிரை காசு கட்டவில்லை.

அந்தக் குதிரைதான் இன்சிட்டாட்டஸ். பளிங்குக் கொட்டில், தந்தத் தொட்டி, கழுத்தில் ரத்தினப் பட்டை. அதை ரோமின் உயர்ந்த பதவியான கான்சல் ஆக்கினான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆக்கவில்லை, ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது, அவ்வளவுதான். பைத்தியத்தின் உச்சம் என்று அதைக் காட்டுவார்கள். எனக்கென்னவோ அது செனட்டர்களைப் பார்த்து அடித்த நக்கலாகத்தான் படுகிறது. பூம்பூம் மாட்டுக்காரன் கேட்கும் கேள்விக்கெல்லாம் மாடு தலையாட்டும்போது, அதே வேலைக்கு ஒரு குதிரை போதாதா என்று அவன் கேட்டிருக்கலாம்.

ஒருநாள் நிலாதேவி என்னோடு இருக்கிறாள், உமக்குத் தெரிகிறாளா என்று லூசியஸ் விட்டெல்லியஸிடம் கேட்டான். சிரியாவை ஆண்டுவிட்டு வந்த பழுத்த நிர்வாகி அவர். தெரிகிறாள் என்றால் பொய், தெரியவில்லை என்றால் கழுத்துக்கு ஆபத்து. மனிதர் கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டு நடுங்கும் குரலில், தேவர்களைத் தேவர்கள்தான் பார்க்க முடியும், பிரபு என்றார். வேலை போகவில்லை, தலையும் போகவில்லை. அவர் மகன் 69இல் சக்கரவர்த்தியாகவே ஆனார்.

அதே கலிகுலா இன்னொரு நாள் ஜூபிடர் வேஷத்தில் உயரமான மேடையில் உட்கார்ந்து அருள்வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார். கால் என்னும் நாட்டுக்காரர், செருப்புத் தைப்பவர். கூப்பிட்டு, நான் உனக்கு எப்படித் தெரிகிறேன் என்று கேட்டான். பெரிய பேத்தலாகத் தெரிகிறீர்கள் என்றார் அவர். கூட்டம் மூச்சை அடக்கியிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. போ என்று விட்டுவிட்டான். சாதாரணச் செருப்புத் தைப்பவர்தானே என்பதால் தப்பினார் என்று டியோ காரணம் சொல்கிறார். அவர் பெயர் எந்தக் காகிதக் கட்டிலும் இல்லை. அவரிடம் பறிக்க மாளிகையும் இல்லை, ஏறக் காத்திருந்த பதவியும் இல்லை.

இந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே டியோ இன்னொரு சம்பவத்தையும் வைக்கிறார். கலிகுலாவின் கையாள் புரோட்டோஜெனஸ் செனட்டுக்குள் வந்தான். வாள், குத்துவாள் என்று பெயரிட்ட இரண்டு ஏடுகள் எப்போதும் அவன் கையில் இருக்கும். யாரை எப்படி முடிப்பது என்ற பட்டியல். எல்லோரும் விழுந்தடித்து வணக்கம் வைத்தார்கள். ஸ்கிரிபோனியஸ் புரோகுலஸும் வைத்தார். சக்கரவர்த்தியை வெறுக்கும் நீயுமா எனக்கு வணக்கம் வைக்கிறாய் என்றான் அவன். அந்த ஒரு வாக்கியம்தான். சக செனட்டர்களே சூழ்ந்துகொண்டு புரோகுலஸைக் கிழித்துப் போட்டார்கள். பிறகு வழக்கம்போலத் தீர்மானம்: சக்கரவர்த்திக்கு செனட்டில் யாரும் நெருங்க முடியாத உயரத்தில் ஆசனம்.

கடைசியில் அவனை முடித்தது கொள்கை இல்லை, கிண்டல். மெய்க்காவல் படை அதிகாரி காசியஸ் கைரேயாவுக்குக் குரல் மெல்லியது. அவர் அன்றாட அடையாளச் சொல் கேட்க வரும்போதெல்லாம் கலிகுலா வேண்டுமென்றே சிருங்காரமான சொற்களைக் கொடுத்து, வீரர்கள் முன் அவரைச் சிரிப்பாகச் சிரிக்கவைத்தான். 41 ஜனவரி 24, நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பும் நடைவழியில் கைரேயாவும் கூட்டாளிகளும் அவனை வெட்டினார்கள்.

செய்தி அரங்கத்துக்கு வந்தபோது யாரும் நம்பவில்லை. நம்பியவர்களும் காட்டிக்கொள்ளவில்லை. யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க அவனே கிளப்பிவிட்ட வதந்தியாக இருந்தால்? செத்துவிட்டான் என்று முழங்கி அறிவிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவர் ஒரு ஏலக்காரர், எவாரிஸ்டஸ் அருன்டியஸ். ஊரிலேயே பெரிய தொண்டை அவருக்கு. கலிகுலாவை அறவே பிடிக்காதவர், ஆனாலும் துக்க உடுப்பு போட்டுக்கொண்டு வந்து சொன்னார்.

அன்று செனட்டில் கான்சல் சென்டியஸ் சாட்டர்னினஸ் சுதந்திரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அடிமைத்தனத்துக்கு நம்முடைய மௌனம்தான் காரணம் என்றெல்லாம் போட்டுத் தாக்கினார். பேசப் பேசக் கை ஆடியது. விரலில் மோதிரம் மின்னியது. மோதிரக் கல்லில் கலிகுலா முகம். ட்ரெபெல்லியஸ் மாக்ஸிமஸ் என்பவர் பாய்ந்து வந்து அதைக் கழற்றினார். பொழுது விடிவதற்குள் சுதந்திரம் பேசியவர்களில் சிலர் சக்கரவர்த்தி வேலைக்கு மனு போடத் தயாராகிவிட்டார்கள். இதற்கிடையே அரண்மனையில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாடியஸின் காலை ஒரு சிப்பாய் பார்த்துவிட்டான். வெளியே இழுத்தான். கொல்லத்தான் போகிறார்கள் என்று அவர் அவன் காலில் விழ, அவன் சக்கரவர்த்தி வாழ்க என்றான். கிளாடியஸ் சிப்பாய்களுக்கு ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்தார். விஷயம் முடிந்தது.

கைரேயாவைக் கொன்றார்கள். சில நாளில் வந்த நீத்தார் திருநாளில் ஜனங்கள் அவருக்கும் ஒரு பங்கு படையல் போட்டு, நாங்கள் நன்றி கெட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டார்கள். செனட்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் துணிச்சலாக ஒரு நடவடிக்கை எடுத்தது: கலிகுலா முகம் பொறித்த செம்பு நாணயங்களையெல்லாம் உருக்க உத்தரவு போட்டது. உருக்கிய உலோகத்தைப் புதிய சக்கரவர்த்தியின் மனைவி மெஸ்ஸலினா வாங்கி, தனக்குப் பிடித்த நடிகன் மினெஸ்டருக்குச் சிலைகள் செய்துவைத்தாள். அந்த மினெஸ்டர், நாடகம் நடக்கும்போதே கலிகுலா முத்தம் கொடுத்துக் கொண்டாடிய நடிகன்.