அட்டையில் புறா இருந்தா போதும், மருமவனே!

லிஸ்டு கேட்டிருக்க, மருமவனே. அஞ்சு வயசு மவ, பத்தாங்கிளாஸ் மவன், பொண்டாட்டி, ஒங்கம்மா, இத்தனை பேருக்கும் சேத்து ஒரே கட்டா கிறிஸ்தவப் புத்தகமும் வீடியோவும் வேணும்ங்க. கெட்ட வார்த்தை இருக்கப்படாது, ரத்தம் இருக்கப்படாது, பேய் பிசாசு இருக்கப்படாது, பிள்ளைய திருப்பிக் கேள்வி கேக்க மாதிரியும் இருக்கப்படாது. தாய்மாமன்கிட்ட கேட்டது நல்லதாப் போச்சு. ஐயர்கிட்ட போயிருந்தா தன் பிரசங்கத் தொகுப்புலயே ஆறு பிரதி ஒன் தலையில கட்டியிருப்பாரு.

லேசான வழி ஒண்ணு சொல்லுதேன். கன்வென்ஷன் பந்தலுக்கு வெளிய, செருப்பு கெடக்க எடத்துக்குப் பக்கத்துல மேசை போட்டு விப்பாவ. உள்ள பிரிச்சுப் பாக்கவே வேண்டாம், அட்டை போதும். புறா பறந்தா பரிசுத்த ஆவி. சூரியன் உதிச்சா ஆறுதல். கழுகு பறந்தா எழுதினவரு ஊழியத்துல ஒசந்த கதை. தலைப்புல 'ஏழு படிகள்'னு இருந்தா எட்டாவது படி காணிக்கைக் கவரு, அதைக் கடைசிப் பக்கத்துல ஒட்டியே வச்சிருப்பாவ. கால்மணி நேரத்துல ரெண்டு பை நெறைய வாங்கிட்டு வந்து ஷோகேஸ்ல அடுக்கிரலாம். வாரவிய போறவிய எல்லாம் 'பக்தியான குடும்பம்'னு சொல்லிட்டுப் போவாவ. படிச்சாத்தான் சங்கடம்.

ஆனா ஒன் சட்டப்படி பாத்தா மொதல்ல வீட்டை விட்டு வெளிய போட வேண்டிய புத்தகம் ஒண்ணு ஒன் தலைமாட்டுலயே இருக்கே, அதுக்கு என்ன செய்யப் போற? பேழை கட்டின நோவா கரையேறினதும் திராட்சத்தோட்டம் போட்டுக் குடிச்சுட்டு, துணியில்லாமக் கெடந்தாரு. யாக்கோபு கண்ணு தெரியாத அப்பனை ஏமாத்தினான். கையில ஆட்டுத்தோலைக் கட்டி விட்டது பெத்த அம்மை. தாவீது ராசா அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டு, அவ புருஷனைச் சண்டையில முன்னால நிறுத்திச் சாவடிச்சாரு. எந்தோர்ல குறி சொல்லுதவ செத்துப்போன சாமுவேலை எழுப்புதா. நியாயாதிபதிகள் 19-ம் அதிகாரத்தை எந்தக் குடும்ப ஜெபத்துலயாவது வாசிச்சுக் கேட்டிருக்கியா? ஒரு பொம்பளையைப் பன்னெண்டு துண்டாப் போட்டு இஸ்ரவேல் முழுக்க அனுப்புதான். அதே புத்தகத்துல 3-ம் அதிகாரம் பாரு: இடக்கை ஏகூத், தொந்தி பெருத்த எக்லோன் ராசாவைக் குத்துதான், கத்தி பிடியோட சேத்துக் கொழுப்புக்குள்ள போயிருது. இதை ஒன் மவன்கிட்ட ஒருக்கா சொல்லிப் பாரு. பொறவு அந்தப் பய வேதப்புத்தகத்தைப் போர்வைக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிப்பான்.

பெரிய மனுசன் செஞ்ச கேவலத்தையும் மறைக்காம எழுதி வச்சிருக்கு அதுல. நீ தேடுத 'சுத்தமான' கதைப்புத்தகத்துல என்ன இருக்கு? மொதப் பக்கத்துல பையன் பொய் சொல்லுவான். மூணாம் பக்கத்துல காய்ச்சல் வரும். நாலாம் பக்கத்துல மன்னிப்பு. அஞ்சாம் பக்கத்துல வகுப்புலயே மொத மார்க்கு. படிக்க பிள்ளை புத்திசாலிப் பிள்ளைன்னா ஒண்ணைக் கத்துக்கிடும்: காய்ச்சல் வராத வரைக்கும் பொய் சொல்லலாம்.

இன்னொரு சட்டமும் வச்சிருக்க, பக்கத்துக்குப் பக்கம் ஆண்டவர் பேரு வரணும்னுட்டு. எஸ்தர் புத்தகத்தை எடுத்துக்க. பத்தே அதிகாரம். எபிரேயத்துல உள்ளபடி அதுல கடவுள் பேரு ஒரு எடத்துலயும் கெடையாது. ஆர்.சி.க்காரவிய பைபிள்ல கிரேக்கத்துல இருந்து சேத்த பகுதியில வரும், அது வேற கணக்கு. ஆனா விருந்து இருக்கு, அரண்மனைச் சதி இருக்கு, தூக்குமரம் இருக்கு. ஆமான் அடுத்தவனுக்கு நட்ட மரத்துல தானே தொங்குதான். அட்டையைப் பாத்து எடுக்க ஆளா இருந்தா, இதைக் 'கிறிஸ்தவம் இல்ல'ன்னு தள்ளிட்டுப் போயிருப்ப.

நம்ம பூட்டன்மாருக்கு இந்தப் பயம் எல்லாம் கெடையாது. தமிழெழுத்துல இந்தியாவுல அச்சான மொதப் புத்தகமே தம்பிரான் வணக்கம்தான். 1578-ல கொல்லத்துல போட்டாவ. நம்ம முத்துக்குளித்துறையில கெடந்து தமிழ் படிச்ச அந்திரிக் அடிகளார் செஞ்ச வேலை. மொத்தமே 16 பக்கம். ஒன் கன்வென்ஷன்காரருக்கு நன்றியுரைக்கே 16 பக்கம் பத்தாது.

வீரமாமுனிவரைப் பாரு. ஒரு கையால சூசையப்பரை வச்சுத் தேம்பாவணி பாடுதாரு. இன்னொரு கையால பரமார்த்த குருவையும் அவரு சீசப்பிள்ளைய அஞ்சு பேரையும் எழுதுதாரு: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குதான்னு கொள்ளிக்கட்டையை வச்சுப் பாக்கானுவ. குதிரை முட்டைன்னுட்டு பூசணிக்காயை வெலைக்கு வாங்குதானுவ. சாமியாரே குருவைக் கேலி பண்ணி எழுதியிருக்காரு. மாலையில உக்காந்து ஒன் மவளுக்கு இதை வாசிச்சுக் காட்டு. கண்ணை மூடிக்கிட்டு எந்த ஊழியக்காரர் பின்னாலயும் போகப்படாதுன்னு நாளைக்கு நீ தனியாப் புத்தி சொல்ல வேண்டாம், குதிரை முட்டையே சொல்லிரும்.

ஒன் பொண்டாட்டிக்குப் பிரதாப முதலியார் சரித்திரம். 1879-ல அச்சான தமிழோட மொத நாவல். எழுதின மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கரு, முனிசீப்பு வேலை பாத்தவரு. வழக்கு கேட்டுக் கேட்டு மனுசப் பயலுவளோட கள்ளத்தனம் முழுக்கத் தெரிஞ்ச ஆளு, அதனால சிரிப்பும் தெரிஞ்சிருக்கு. அதுல ஞானாம்பாள் ஆம்பளை வேசத்துல ராசாவாகி நாட்டையே ஆளுதா. அதைப் படிச்சு வீட்டுல ஆட்சி மாறிருமோன்னு பயப்படாத. அது மாறி ரொம்ப நாளாச்சு, ஒனக்குத்தான் தகவல் வரல.

மவனுக்கு மோட்சப் பிரயாணம். லைசென்ஸ் இல்லாமப் பிரசங்கம் பண்ணுதான்னு பன்னெண்டு வருசம் பெட்போர்டு ஜெயில்ல போட்டு வச்சிருந்த பனியன், பாத்திரம் பண்டம் செப்பனிடுத தொழிலாளி. அவரு எழுதின இந்தப் புத்தகம் 1678-ல வந்துச்சு. சேத்துக்குழி, ராட்சசன், செதில் மூடின பூதத்தோட வாள்சண்டை எல்லாம் உண்டு. நல்ல தமிழ்ல ருசிக்கணும்னா நம்ம சாயர்புரத்துல தமிழ் வாத்தியாரா இருந்த கிருஷ்ணபிள்ளை அதை வச்சு எழுதின இரட்சணிய யாத்திரிகம் இருக்கு, 1894. கம்பன் நடையில விருத்தம். அதை நீ வாங்கி வச்சுக்க, ஆனா படிச்சிட்டேன்னு என்கிட்ட சொல்லாத, மொத விருத்தத்தைப் பதம் பிரிக்கச் சொல்லுவேன்.

பய இங்கிலீஸ் மீடியம்லா, அவனுக்கு இன்னொண்ணும் உண்டு. சி.எஸ். லூயிஸ் 1942-ல புத்தகமாப் போட்ட ஸ்க்ரூடேப் கடிதங்கள். பழுத்த மாமன் பிசாசு, தொழில் படிக்க மருமவன் பிசாசுக்குப் புத்தி சொல்லி எழுதுத கடுதாசி. நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கோயில்ல பக்கத்து ஆளோட செருப்பு கிறீச்சுன்னு கேக்கதை வச்சே ஒருத்தனை எப்பிடிக் கவுக்கலாம், பெத்த தாய்கூட எப்பிடிச் சிடுசிடுக்க வைக்கலாம்னு மாமன் வெவரமாச் சொல்லுதான். நீதான் பிசாசே இருக்கப்படாதுன்னியே. இதுல பிசாசைத் தவிர வேற யாரும் பேசவே இல்லை. ஆனா அந்த மருமவனாவது மாமன் எழுதினதைப் பிரிச்சுப் படிச்சான். அதே லூயிஸ் 1950-ல வெளியிட்ட சிங்கம், சூனியக்காரி கதையைச் சூனியக்காரிங்க பேரைப் பாத்தே வீட்டுக்குள்ள விடாதவிய இருக்காவ. எந்தோரை அவியகிட்ட யாரும் சொல்லல போல.

மிஷனெரி சரித்திரம் வாங்கணும்னா ஒண்ணு பாத்துக்க. அந்த வெள்ளைக்காரரு தொட்டில்ல இருந்தே ஜெபம் பண்ணினாருன்னு தொடங்கினா வச்சுட்டு வந்துரு. பாளையங்கோட்டை ரேனியஸ் ஐயர் நம்ம சீமையில எத்தனை சபை, எத்தனை பள்ளிக்கூடம் உண்டாக்கினாரு! அவரே தன்னை அனுப்பின மிஷனெரி சங்கத்தோட முட்டிக்கிட்டு 1835-ல தனியாப் பிரிஞ்சாரு. இருந்த சபையும் ரெண்டாச்சு. அதை எழுதாத புத்தகம் அவரைப் பத்தின புத்தகம் இல்ல. பவுலும் பர்னபாவும் மாற்கு பயலுக்காகச் சண்டை போட்டுப் பிரிஞ்சதை லூக்கா எழுதினாரா இல்லியா?

புத்தகமே வேண்டாம், வாக்குத்தத்த அட்டை போதும்னு ஒரு கூட்டம் இருக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில பொட்டிக்குள்ள கையை விட்டு ஒண்ணு எடுப்பாவ. பிடிக்காட்டா, 'ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துட்டு'ன்னு திருப்பிப் போட்டுட்டு வேற எடுப்பாவ. எரேமியா 29:11 எத்தனை வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு! நல்ல எதிர்காலம் தருவேன்ங்க வசனம். அதுக்கு மேல உள்ள 10-வது வசனத்தை எவனாவது அட்டையில போட்டிருக்கானா? பாபிலோன்ல எழுவது வருசம் முடிஞ்ச பொறவுதான்னு அதுல இருக்கு. வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளை குட்டியைக் கட்டிக் குடு, அந்நிய ஊரு நல்லா இருக்க ஜெபம் பண்ணுன்னு அதுக்கும் மேல எழுதியிருக்கு. அட்டைக்காரன் எழுவது வருசத்தைக் கத்திரிச்சுட்டான். ஒன் மவளுக்கு அட்டை குடுத்தா அதோட அந்த அதிகாரத்தையும் எடுத்து வச்சு, மேலயும் கீழயும் வாசிச்சுக் காட்டு. கூட ரெண்டு நிமிசம் ஆகும். செத்துர மாட்ட.

வீடியோவுக்கு வாரேன். எங்க காலத்துல சிற்றலை வானொலி. செஷல்ஸ் தீவுல இருந்து ஃபீபா, மணிலாவுல இருந்து வெரித்தாஸ். அந்தக் கொர்ர் இரைச்சலுக்குள்ள கேக்கணும்னா வீடே ஒரு எடத்துல வாயைப் பொத்திக்கிட்டு உக்காரணும். 1979-ல லூக்கா சுவிசேஷத்தை வச்சு எடுத்த இயேசு படத்தைத் தமிழ்ல ஊரூராக் கொண்டாந்தாவ. தெருமுக்குல வெள்ளைத் துணி கட்டி ஓட்டுவாவ. ரீல் மாத்த நிறுத்தும்போது பிள்ளைய கேள்வி கேக்கும். பேதுரு ஏன் தெரியாதுன்னான், யூதாசுக்கு எம்புட்டுத் துட்டு, சேவல் ஏன் கூவிச்சுன்னு. பெரியவியளுக்குத் தெரியாட்டாலும் ஏதோ ஒண்ணைச் சொல்லியாகணும். படத்துல பாதி நன்மை அந்த ரீல் மாத்துத நேரத்துலதான் நடந்துச்சு.

இப்ப ரீல் எங்க மாத்துதான்? ஒண்ணு முடியுமுன்ன அடுத்தது தானா வந்துருது. பைபிள் கார்ட்டூன்னு போட்டுப் பிள்ளை கையில குடுத்துட்டு நீ ஒன் போனைத் தடவிக்கிட்டு இருப்ப. நாலாவது வீடியோவுல அது எங்க போயி நிக்கின்னு ஒனக்கும் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும். ஜப்பான்காரன் 1981-ல வரைஞ்ச சூப்பர்புக் இருக்கு. பயலும் பொட்டப்பிள்ளையும் ஒரு ரோபோவும் பழைய காலத்துக்குள்ள போயிட்டு வாரது. குத்தம் இல்ல, ஆனா மோசேயைவிட ரோபோதான் கூடப் பேசுது. பிள்ளைய சிரிக்கும், பாக்கட்டும். ஒண்ணு ஓடினதும் போனைக் கவுத்து வை. அவ ஒரு கேள்வி கேக்கட்டும். ஒனக்குப் பதில் தெரியாதுன்னு அவளுக்கும் தெரியட்டும். பொறவு ரெண்டு பேரும் வேதத்தை எடுத்துத் தேடுங்க.

தங்கச்சிக்கு, அதான் ஒங்கம்மாவுக்கு, நீ ஒண்ணும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவளுக்குப் பெரிய எழுத்து பைபிள் ஒண்ணும், கண்ணு வலிச்சா கேக்க ஒலி வேதாகமமும் போதும். ஆனா அவ போனுல வாரதைக் கொஞ்சம் பாரு. பத்து பேருக்கு அனுப்பலன்னா ஆசீர்வாதம் போயிரும்னு வாரதுக்கெல்லாம் என்னைத்தான் அவ பத்தாவது ஆளாச் சேக்கா. ஜனவரி மாசம் தீர்க்கதரிசனம் வேற. இந்த வருசம் யாரு ஆட்சி, எங்க பூகம்பம்னு கோட்டு போட்டவரு சொல்லுவாரு. அதைப் பாக்காதன்னு சொன்னா அவ கேக்க மாட்டா. நீ ஒரு வேலை பண்ணு. சொன்னவரு பேரையும் சொன்னதையும் காலண்டர்லயே எழுதி, டிசம்பர்ல எடுத்து வச்சு அவளை வாசிக்கச் சொல்லு. நடக்காட்டா அந்த ஆளுக்குப் பயப்பட வேண்டாம்னு உபாகமம் 18-ம் அதிகாரமே சொல்லுது.

சரி, ஏற்கெனவே வாங்கி அடுக்கின புறாவையும் கழுகையும் என்ன செய்யன்னு கேப்ப. ஓய்வுநாள் பள்ளிக்குக் குடுத்துராத, அந்தப் பிள்ளைய ஒனக்கு என்ன பாவம் செஞ்சுது? ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கொண்டாந்து ஏலத்துல வையி. பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலும் போட்டி போட்டுக்கிட்டு வெலை போகும். ஒன் கட்டு வரும்போது பந்தலே அமைதியாயிரும். கடைசியில ஐயர் ஒன் மூஞ்சியைப் பாப்பாரு. துட்டு கொண்டாந்திரு, நீதான் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும்.