டேட்டா தம்பி

வேளச்சேரி பக்கம் எந்த மேன்ஷன் கதவைத் தட்டினாலும் ஒரு டேட்டா தம்பி எட்டிப் பார்ப்பான். லிங்க்டுஇன்னில் அவன் டேட்டா சயின்டிஸ்ட், ஏஐ ஆர்வலர், ஸ்டோரிடெல்லர், மென்டார். ஆபீஸில் எக்செல்லில் வி-லுக்-அப் போடுகிறான். கேட்டால், "அது சும்மா சம்பளத்துக்கு சார்" என்பான்.

இருபத்தோராம் நூற்றாண்டிலேயே கவர்ச்சியான வேலை டேட்டா சயின்டிஸ்ட்தான் என்று 2012-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ எழுதியபோது தம்பிக்கு அரைடிராயர் வயசு. இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறான்.

அவன் கிட்ஹப்பைத் திறந்தால் முதலில் டைட்டானிக். டேட்டா போட்டிகள் நடத்தும் காகிள் தளத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏறுகிற கப்பல். 891 பயணிகளின் விவரத்தைக் கொடுத்து, இன்னொரு 418 பேரில் யார் பிழைத்தார்கள் என்று கணிக்கச் சொல்வார்கள். பெண்கள் எல்லாரும் பிழைத்தார்கள், ஆண்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தாலே 76 சதவீதத்துக்கு மேல் தேறும். தம்பி ராக்கண் முழித்து நியூரல் நெட்வொர்க் ஓட்டி 74 வாங்கினான். 'தோல்வி எனக்குத் தந்த பரிசு' என்று பதிவு வந்தது, மார்க் வரவில்லை. அடுத்தது ஐரிஸ். 1936-ல் ஃபிஷர் கட்டுரையில் வந்த அதே 150 பூ. எத்தனை ரெஸ்யூமேயில் சூடினாலும் வாடுவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பதிவு போட்டால் எத்தனை லைக் விழும் என்று ஒரு ஷீட் வைத்திருக்கிறான். செவ்வாய் காலை எட்டரை உத்தமம்; வெள்ளி சாயங்காலம் சொந்த அத்தைகூடச் சீண்டமாட்டாள். கைகட்டி நிற்கும் போட்டோவா, லேப்டாப்போடு முறைக்கும் போட்டோவா என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட்டிருக்கிறான். அப்பழுக்கில்லாத ஆராய்ச்சி. அதை மட்டும் கிட்ஹப்பில் ஏற்றமாட்டான்.

கீழே மளிகைக்கடை அண்ணாச்சி ஒருநாள் நோட்டை நீட்டினார். "தம்பி, நீங்க கணக்குல புலியாம்லா? எந்த மாசம் எவ்வளவு எண்ணெய் எடுக்கணும்னு இதைப் பாத்துச் சொல்லுங்களேன்."

தம்பி புரட்டினான். பென்சில் கிறுக்கல், அடித்தல் திருத்தல், 'மாடி அக்கா 2 லி., பாதி பாக்கி'.

"டேட்டா கிளீனா இல்லையே அண்ணாச்சி."

"எண்ணெய் தொட்ட கையில்லா, அப்படித்தான் இருக்கும்."

செவ்வாய் காலை எட்டரைக்குப் பதிவு வந்தது: 'ஒரு மளிகைக்கடைக்காரர் எனக்குக் கற்பித்த 7 டேட்டா பாடங்கள்.' வரிக்கு வரி இடைவெளி. லைக் குவிந்தது. கடைப்பையன் போனை நீட்ட, அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழையும் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். நம்ம 640 ரூவா பாக்கி எத்தனையாவது பாடத்துல வருது, பாருல."