பனிமனிதனைத் தேட பெர்மிட்

கேள்வி: இமயமலைப் பனிமனிதன் ‘எட்டி’ இருக்கிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லவும். (தென்காசி வாசகர்)

பதில்: கரடி. எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரி.

கேள்வி: அப்படியானால் 1951-ல் மலையேறி எரிக் ஷிப்டன் எடுத்த காலடிப் படம்? ஐஸ் கோடாரியைப் பக்கத்தில் வைத்து அளவே காட்டியிருக்கிறாரே! (சேலம் வாசகர்)

பதில்: மென்லுங் பனியாற்றில் எடுத்த அந்தப் படத்தின் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. ஆனால் பனித்தடத்தை நம்பி சாட்சி சொல்லாதீர்கள். வெயில் ஏற ஏற விளிம்பு உருகி அகலும். காலையில் பூனை நடந்த இடத்தில் மாலையில் புலி நடந்திருக்கும். போதாக்குறைக்கு, கரடி முன்கால் வைத்த இடத்தின் மேலேயே பின்காலையும் பாதி பதித்து நடக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு நீளமான ஒற்றைப் பாதமாகத் தெரியும். ஏதோ இரண்டு காலில் நிமிர்ந்து நடந்த மாதிரி வரிசையும் அமைந்துவிடும். 1921-ல் எவரெஸ்டுக்கு வழி பார்க்கப் போன ஹோவர்ட்-பரி இப்படிச் சில தடங்களைக் கண்டு, ஓநாயாக இருக்கும் என்றுதான் நினைத்தார். கூட வந்த சுமைதூக்கிகள் சொன்ன காட்டு மனிதன் கதைதான் பத்திரிகையில் பரவியது. ஓநாய்க்கு யார் கொட்டை எழுத்தில் தலைப்பு போடுவார்கள்?

கேள்வி: மடாலயங்களில் எட்டியின் கை, மண்டைத்தோல் எல்லாம் இருக்கிறதாமே? (கோவை வாசகி)

பதில்: பாங்போச்சே மடாலயத்துக் கையை வைத்து ஒரு சினிமாவே எடுக்கலாம். 1950-களின் கடைசியில் பீட்டர் பைர்ன் என்பவர் அதிலிருந்து ஒரு விரலைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தம்பதி தங்கள் பெட்டியில் உள்ளாடைகளுக்கு நடுவே ஒளித்து லண்டன் கொண்டு சேர்த்தார்கள். 2011-ல் டி.என்.ஏ. பார்த்தபோது, சாதாரண மனித விரல்!

கும்ஜுங் கிராமத்து மண்டைத்தோலை 1960-ல் எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி வெளிநாட்டு நிபுணர்களிடம் காட்டினார். பொருள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூடவே சிகாகோ, பாரிஸ், லண்டன் எல்லாம் போய்வந்தார். செரோ என்ற மலையாட்டின் தோலில் செய்தது என்று தெரிந்தது. எட்டியுடையவை என்று சொல்லப்பட்ட 9 மாதிரிகளை 2017-ல் சோதித்தார்கள்: 8 கரடி, 1 நாய். அந்த நாய் எப்படி இதில் மாட்டியதோ, பாவம்.

கேள்வி: இத்தனை முறை சாயம் வெளுத்தும் ஜனங்கள் ஏன் விடவில்லை? (திருச்சி வாசகர்)

பதில்: யாருக்கும் நஷ்டமில்லையே! தேடிப் போகிறவருக்குச் செலவுக்கு ஆள் கிடைக்கிறது, பத்திரிகைக்கு விற்பனை. 1954-ல் லண்டன் ‘டெய்லி மெயில்’ தனியாக ஒரு குழுவையே அனுப்பியது. 2019 ஏப்ரலில் நம் ராணுவமே மகாலு மலை முகாம் அருகே 32 அங்குல நீளத்தில் எட்டியின் தடம் பார்த்ததாக ட்விட்டரில் படம் போட்டது. நாடே இரண்டு நாள் மீம்ஸில் மிதந்தது. என்னைக் கேட்டால், தேடிப் பிடித்துவிட்டால்தான் இந்த மோகம் தீரும். பிடிபட்ட பனிமனிதனை மிருகக்காட்சி சாலையில் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுவோம்.

கேள்வி: நம்மூர் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு மட்டும் ஏன் அந்த உலகப் புகழ் கிடைக்கவில்லை? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: நைட் ட்யூட்டி மட்டும் பார்த்தது, தடம் எதுவும் விடவில்லை. ‘சதுப்பு நில வாயு’ என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். தெருவிளக்கு வந்ததும் வேலையும் போயிற்று.

கேள்வி: அடுத்த மாதம் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு டிரெக்கிங் போகிறேன். எட்டி எதிரே வந்தால் என்ன செய்வது? (மதுரை வாசகி)

பதில்: 1959-ல் காட்மாண்டு அமெரிக்கத் தூதரகம் நேபாள அரசின் விதிகளைத் தன் நாட்டு மலையேறிகளுக்காகத் தொகுத்து வைத்தது. எட்டியைத் தேட அன்று பெர்மிட் கட்டணம் 5,000 ரூபாய். படம் எடுக்கலாம், உயிரோடு பிடிக்கலாம்; உயிருக்கு ஆபத்து வந்தாலொழியச் சுடக்கூடாது. எடுத்த படங்களை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதும் அன்றைய விதி; அதன்படி பார்த்தால் இன்ஸ்டாகிராம் ஆசை வேண்டாம். வந்தது கரடி என்றால் ஓடாதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். போகிற வழியில் கும்ஜுங்குக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். அந்த மண்டைத்தோல் மடாலயத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. காணிக்கை போட்டால் திறந்து காட்டுவார்கள். சில்லறை எடுத்துப் போங்கள்.