பெருமாள் கோயில் பக்கத்து வீடு

கேள்வி: பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீடு பிடித்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர், தாராளமாகக் குடியேறுங்கள்! ஆனால் நம்பிக்கையை எழுத்தில் வாங்குங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பத்து மாதமும் செல்லும். அதனால் பேனாவைத் திறக்கும் முன் வாயைத் திறந்து பேசுங்கள்.

பழைய வீடு என்றால் குளியலறையை ஒட்டிய சுவரைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு உதிர்ந்து கை சில்லிட்டால், ஐப்பசி மழையில் அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும். தனி மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் உங்களுக்கே சேர வேண்டும். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்த பிறகு பால் காய்ச்சுங்கள்.